பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டு

மின்சாரம் கடத்தும் நூலை முதல் தடவை ஊசியில் கோக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. துருப்பிடிக்காத எஃகு இழைகளை முறுக்கிச் செய்த நூல் அது. பார்வைக்குச் சாம்பல் நிறப் பருத்தி நூல் மாதிரிதான் இருக்கும், கையில் எடுத்தால் கம்பியின் குணம். முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிச்சு தானாக நெகிழ்ந்திருக்கும். வெட்டிய முனையில் பூனை முடி போலப் பிசிறு நிற்கும். எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் காதில் விடப் பார்த்தால், ஒரு இழை உள்ளே போகும், மூன்று இழை வெளியே நிற்கும்.

செய்ய நினைத்தது சின்ன வேலைதான். துணியில் ஒரு மரக்கிளை, கிளையில் ஐந்து பூ, ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கு. அவை மெதுவாக எரிந்து அணைய, நாணயம் அளவுக்கு ஒரு மின்பலகை. பூத்தையல் எனக்குக் கை பழகிய வேலை. நிரல் எழுதுவதும் ஓரளவு வரும். ஆக இரண்டையும் சேர்த்தால் நான்கு இரவில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாவது இரவு ஸ்விட்சைப் போட்டபோது மூன்று பூக்கள் எரிந்தன, ஒன்று திக்கித் திக்கிக் கண்சிமிட்டியது, ஒன்று உயிரோடே இல்லை. துணியை லேசாக வளைத்தால் ஐந்தும் அணைந்தன.

இரண்டு நாள் நிரலில் தப்புத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். மின்சுற்று பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. துணியை வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"பின்பக்கத்தைத் திருப்பு."

பல வருடமாகக் கேட்டுப் பழகிய வார்த்தை. திருப்பினேன்.

"ஒரு பூவுல இருந்து அடுத்த பூவுக்குப் போக நூலை வெட்டாம இழுத்துட்டுப் போயிருக்க. இங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. வாலைப் பாரு, இவ்வளவு நீளமா விட்டு வச்சிருக்க."

சாதாரண நூலில் இது சோம்பேறித்தனம், அவ்வளவுதான். பின்பக்கம் அசிங்கமாக இருக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. இந்த நூலில் அதற்குப் பெயர் ஷார்ட் சர்க்யூட். நேர்முனையிலிருந்து வந்த இழை எதிர்முனைக்குப் போகும் இழையை இரண்டு இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. துணி வளையும்போதெல்லாம் பிசிறுகள் ஒன்றையொன்று உரசின. அப்புறம் அவரே வழியும் சொன்னார். முரட்டு நூலைத் துணிக்குள் விட்டு இழுக்காதே, மேலே கிடத்து. கிடத்திய நூலை மெல்லிய சாதா நூலால் அங்கங்கே ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள். "ஜரிகை வேலை அப்படித்தானே பண்ணுவோம், இதுவும் கம்பிதானே" என்றார்.

ஆமாம், இதுவும் கம்பிதான்! எனக்கு அந்த நிமிடம் வரை அது தோன்றவில்லை. பட்டு இழையைச் சுற்றி உலோகத் தகட்டைச் சுருட்டிய ஜரிகையைத் திரும்பத் திரும்பத் துணிக்குள் இழுத்தால் உலோகம் உரிந்துவிடும். அதனால்தான் உலோக நூலை மேலே கிடத்திக் கட்டும் வழக்கம் உலகின் பல இடங்களில் நிலைத்திருக்கிறது. தங்கமும் வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அப்படியானால் மின்சுற்று வரையத் தேவையான பொருளும் உத்தியும் நூற்றாண்டுகளாகத் தையல்காரர்களின் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கின்றன. மின்சாரம்தான் தாமதமாக வந்தது.

இதை நான் கண்டுபிடித்த மாதிரிச் சொல்லிக்கொள்ள முடியாது. வியன்னாவில் ஐரீன் போஷ், எப்ரு குர்பக் என்ற இருவர் இதே நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்விட்டார்கள். 2018ல் அவர்கள் செய்து முடித்த 'எம்பிராய்டரி கணினி' முழுக்கத் தங்க நூல் வேலைதான். மேசை விரிப்பு போலப் பரந்த துணியில் அலங்காரச் சித்திரம் மாதிரி ஓடும் கோடுகள் எல்லாம் மின்பாதை. அந்தத் தையலில் சுருள் கம்பி என்று ஒன்று உண்டு, துண்டு துண்டாக வெட்டிப் பூவிதழை நிரப்புவார்கள். இவர்கள் அதே வகைச் சுருளை மின்காந்தமாக்கினார்கள். சுருளின் நடுவே ஒரு காந்த மணி. மின்சாரம் பாய்ந்தால் மணி புரளும், புரண்டால் ஒரு தொடர்பு அறுந்து இன்னொரு தொடர்பு சேரும். அதுதான் ரிலே, மின்சாரமே போட்டு அணைக்கும் ஒரு ஸ்விட்ச். அப்படிப் பல ரிலேக்களைக் கோத்து ஓர் எட்டு பிட் கணினி. உங்கள் கைபேசி கண் இமைப்பதற்குள் போட்டு முடிக்கும் கணக்கை, இது மணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி உங்கள் கண்ணெதிரே போடும்.

வேகத்தை வைத்துப் பார்த்தால் இது ஒன்றுக்கும் உதவாத கணினி. ஆனால் ஒரு கணினி யோசிப்பதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல ஒன்றை எனக்குத் தெரியாது.

கைவேலையும் புதுத் தொழில்நுட்பமும் என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் ஜக்கார்டிலிருந்து தொடங்குவார்கள். அந்தக் கதையை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1804ல் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை நடத்தினார். துளை இருந்தால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஆங்கிலக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு அதே வகை அட்டையை எடுத்துக்கொண்டார், அந்தப் படத்தின் ஒரு பிரதியும் அவரிடம் இருந்தது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அட்டை வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது யார் என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். தறிக்குப் பக்கத்திலோ மேலேயோ உட்கார்ந்து, நெசவாளர் சொல்லச் சொல்லக் கயிறுகளை இழுக்க ஓர் ஆள் இருந்தார், பல சமயம் ஒரு சிறுவன். துளையிட்ட அட்டை பிடித்தது அந்தச் சிறுவனின் இடத்தை. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிகிற கை அப்படியே இருந்தது.

இன்றைய கலைஞர்கள் உட்காரும் மின்னணுத் தறியும் அதே பழைய பங்கீட்டில்தான் நிற்கிறது. நார்வேயில் 1990களில் விபெக்கே வெஸ்ட்பி உருவாக்கிய டி.சி.1, அதற்கு அடுத்து வந்த டி.சி.2 ஆகியவற்றை உலகெங்கும் கலைப் பள்ளிகளில் பார்க்கலாம். சாதாரணக் கைத்தறியில் பாவு நூல்கள் நான்கு சட்டத்திலோ எட்டுச் சட்டத்திலோ கோக்கப்பட்டிருக்கும். ஒரு மிதியை மிதித்தால் ஒரு கூட்டமே எழும்பும். இதில் ஒவ்வொரு பாவு நூலுக்கும் அதைத் தூக்கத் தனி விழுது, தனி உத்தரவு. எந்த நூல் எழ வேண்டும் என்று கணினி சொல்லும், காற்றை உறிஞ்சும் விசை அதைத் தூக்கும். அதற்கு மேல் எல்லாம் நீங்கள்தான். நாடாவை எறிய வேண்டும், குறுக்கு நூலான ஊடையை அடித்து நெருக்க வேண்டும், அடுத்த வரிசைக்கு மிதிக்க வேண்டும்.

இரண்டு நாள் அப்படி ஒரு தறியில் உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மிதித்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம், நூற்றுக்கணக்கான நூல்கள் ஒரே நேரத்தில் எழும்பும். முதல் மணி நேரம் முழுக்க அந்தச் சத்தத்துக்காகவே மிதித்துக்கொண்டிருந்தேன். நெய்ய எடுத்துக்கொண்டது ஒரு வட்டம். திரையில் படத்தைச் சில நிறங்களாகக் குறைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நெசவைக் கொடுக்க வேண்டும். வெளுத்த இடத்துக்கு ஒரு சாட்டின், கறுத்த இடத்துக்கு அதற்கு நேர்மாறான சாட்டின், நடுவில் ட்வில். அதுவரை எல்லாம் படு சுத்தம். நெய்து இறக்கியபோது வட்டம் கோழி முட்டையாக வந்திருந்தது.

திரையில் ஒரு கட்டத்தின் அகலமும் உயரமும் முன்கூட்டியே முடிவானவை. துணியில் உயரத்தைத் தீர்மானிப்பது ஊடையை எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பது. என் கை காலையில் ஒரு மாதிரி அடித்தது, மதியம் வேறு மாதிரி. முட்டையின் மேல் பாதி கீழ்ப் பாதியைவிட நீளம். துணியை வைத்தே எந்த நேரத்தில் சோர்ந்தேன் என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் ஊடை நூல் எங்கும் பிடிபடாமல் மூன்று சென்டிமீட்டர் மிதந்துகொண்டிருந்தது, விரல் பட்டாலே மாட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்கு நெசவு கொடுக்கவே மறந்திருக்கிறேன். திரையில் அதுவும் அழகான கறுப்பாகத்தான் தெரிந்தது.

இந்தத் தறியை உண்மையில் ஆள்கிறவர் என்று நான் நினைப்பது கலிபோர்னியாவின் லியா குக்கை. ஆள் உயரத்துக்கும் மேலே முகங்களை நெய்பவர். பெரும்பாலும் பழைய புகைப்படங்களில் இருக்கும் குழந்தை முகங்கள், அவருடைய சொந்த முகமும் உண்டு. தள்ளி நின்றால் அந்தக் குழந்தை நம்மையே பார்க்கும். கிட்டே போகப் போக முகம் கரைந்து, மூக்கருகே வெறும் நூல்தான் மிஞ்சும். பின்னே வந்தால் முகம் மறுபடி கூடும். இந்த முன்னும் பின்னுமான நடையில் நம் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று அவர் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்தார். புகைப்படத்தைப் பார்க்கும் மூளையும், அதே முகத்தின் நெசவைப் பார்க்கும் மூளையும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்பது அவர்களுடைய கேள்வி. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அதோடு நிற்காமல் அவர் மூளை நரம்பிழைகளின் ஸ்கேன் படத்தை எடுத்து வந்து, அதையும் முகத்தோடு சேர்த்து நெய்தார். நரம்பையும் இழை என்றுதானே சொல்கிறோம்.

முப்பரிமாண அச்சு பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். 2010ல் ஆடை வடிவமைப்பாளர் ஐரிஸ் வான் ஹெர்பென் அச்சிட்ட உடையை மேடையேற்றியதிலிருந்து அந்த வழியில் அசத்தலான வேலைகள் வருகின்றன. பார்க்க ஆச்சரியம்தான். ஆனால் நூல் இல்லாத இடத்தில் என் விரலுக்கு ஒரு வேலையும் இல்லை. அது என் குறையாகவும் இருக்கலாம்.

அதைவிட எனக்கு நெருக்கமானது குரோஷே. 1997ல் கணித ஆசிரியர் டைனா டைமினா அதிபரவளைவுத் தளம் என்ற ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. விளிம்பை நோக்கிப் போகப் போக இடம் பெருகிக்கொண்டே இருக்கும் தளம் அது. காகிதத்தில் ஒட்டிச் செய்தால் கிழிந்துபோகும். அவர் கொக்கி ஊசியை எடுத்தார். விதி ஒரே வரிதான்: இத்தனை கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டு. வரிசைக்கு வரிசை அதையே செய்தால் துணி தட்டையாக நிற்க இடமில்லாமல் தானாகச் சுருண்டு, கோழிக்கொண்டைப் பூ மாதிரி எழும்பும். மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் சகோதரிகள் 2005ல் தொடங்கிய 'குரோஷே பவளப்பாறை' என்ற கூட்டுப் படைப்புக்கு வித்து இதுதான். பவளமும் கடல் நத்தைகளும் அதே மாதிரிதான் சுருண்டு வளர்கின்றன. விதியை அப்படியே பின்பற்றினால் ஒழுங்கான, கொஞ்சம் உயிரற்ற சுருள் வந்தது. அங்கங்கே விதியை மீறிக் கண்ணி கூட்டியவர்களின் கையில்தான் நிஜப் பவளம் மாதிரி ஒன்று வந்தது. ஆலைகளில் பின்னல் எந்திரங்கள் எத்தனையோ ஓடுகின்றன, ஆனால் அசல் குரோஷே இன்னும் கைவேலையாகவே இருக்கிறது.

ஜெனெல் ஷேன் என்ற விஞ்ஞானி 2018 வாக்கில் செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னல் குறிப்புகளைப் படிக்கக் கொடுத்து, புதிதாக எழுதச் சொன்னார். எழுதியது. எண்ணிக்கை இடிக்கும், அடைப்புக்குறி மூடாது, வரிசையில் இல்லாத கண்ணியைப் பின்னச் சொல்லும். ரேவல்ரி என்ற இணையதளத்தின் பின்னல்காரர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஊசியை எடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வரிசையில் அது இதைத்தான் சொல்ல வந்திருக்கும் என்று அவரவர் ஊகித்துத் திருத்தி, ஒரே குறிப்பிலிருந்து ஆளுக்கொரு விதமாக வினோதமான கொம்பும் வாலும் கொண்ட துணிகளைப் பின்னிப் போட்டார்கள். நிரலில் தப்புத் திருத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது சொன்னால் தேவலை.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். அக்கா போட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் கை தானாகத் திருப்பப் பார்க்கிறது.

நிலவுக்குப் போன அப்பல்லோ கணினியின் நிரல் கையால் நெய்யப்பட்டது. இதை உவமையாகச் சொல்லவில்லை. குட்டிக் காந்த வளையங்கள் வரிசையாக நிற்கும். செம்புக் கம்பி வளையத்துக்குள்ளே போனால் 1, வெளியே ஒதுங்கிப் போனால் 0. அப்படி 36,864 சொற்கள், இன்றைய கணக்கில் 72 கிலோபைட். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து அதைக் கோத்தார்கள். துணி ஆலையிலும் கடிகாரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த கைகளைத் தேடி எடுத்திருந்தார்கள். துளையிட்ட டேப்பைப் படித்து ஓர் எந்திரம் சரியான வளையத்தைத் துளைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும், பெண் ஊசியை அதன் வழியே விட்டு வாங்குவார். எந்த வளையம் என்பது எந்திரத்தின் பொறுப்பு. கம்பி அறாமல், மேல் பூச்சு உரியாமல் இழுப்பது கையின் பொறுப்பு. டி.சி.2 தறியில் நான் பார்த்த அதே பங்கீடு. நெய்து முடித்தபின் நிரலில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும். அந்த நினைவகத்துக்குப் பொறியாளர்கள் வைத்த செல்லப்பெயர் 'கிழவி நினைவகம்'. விண்வெளி வீரர்களின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கம்பி கோத்தவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பட்டம்தான்.

அதே காலத்தில் நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலத்தில், ஃபேர்சைல்டு நிறுவனம் மின்னணுச் சில்லு (சிப்) தொழிற்சாலை நடத்தியது. 1965ல் தொடங்கி 1975ல் மூடினார்கள். ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் நவஹோ பெண்கள். நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டு வெளியீடு நவஹோ கம்பளத்தையும் சில்லையும் ஒப்பிட்டுப் பெருமை பேசியது. நெசவு அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது, அதனால் இந்த நுண்ணிய வேலை இயல்பாக வருகிறது என்ற தொனி. கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு திறமையைப் பிறவிக் குணமாக்கிவிட்டால் அதைக் கற்றுத் தேர்ந்த வருடங்களுக்குக் கூலி தர வேண்டியதில்லை. கைவேலையைப் புகழ்ந்து யாராவது 'இயல்பாகவே' என்று சொன்னால் எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

நவஹோ நெசவாளர் மாரிலூ ஷுல்ட்ஸ் கணித ஆசிரியரும்கூட. 1994ல் இன்டெல் நிறுவனத்துக்காக அவர் ஒரு பென்டியம் சில்லின் படத்தைக் கம்பளமாக நெய்தார். பாரம்பரிய நிமிர்ந்த தறி, கம்பளி நூல், எல்லாமே கை. பார்ப்பவர் ஏதோ பழைய நவஹோ கோலம் என்றே நினைப்பார். சில்லைத் தெரிந்தவர் நின்று பார்த்தால், இது இந்தப் பகுதி, அது அந்தப் பகுதி என்று விரல் வைத்துக் காட்டலாம். பின்னர் ஃபேர்சைல்டு சில்லு ஒன்றையும் நெய்தார். முன்பு ஃபேர்சைல்டின் ஒப்பீட்டுக்கு வெறும் படமாக நின்ற கம்பளம், இந்தத் தடவை தானே சில்லைத் திருப்பிப் பார்த்தது.

அஜர்பைஜான் கலைஞர் ஃபாய்க் அஹ்மதின் கம்பளங்களை நிறையப் பேர் படமாகப் பார்த்திருப்பீர்கள். மேல் பாதி அச்சு அசலான பழைய கம்பளம். கீழே வர வர, கோலம் உருகி வழியும், அல்லது கணினித் திரை கோளாறானது போலக் கட்டம் கட்டமாக உடையும். வடிவத்தைக் கணினியில் செய்து முழு அளவில் அச்செடுத்துத் தறிக்காரர்களிடம் கொடுப்பார். அவர்கள் முடிச்சு முடிச்சாகப் போடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம், அந்த உருகலை நெய்வது ஒழுங்கான பாதியை நெய்வதைவிடக் கடினம் என்பது. ஒழுங்கான கோலம் கைக்கு மனப்பாடம். உருகலில் ஒவ்வொரு முடிச்சையும் வரைபடத்தைப் பார்த்து எண்ணித்தான் போட வேண்டும். கணினிக்கு ஒரு நொடியில் வந்த கோளாறு, நெசவாளருக்கு மாதக்கணக்கான கவனம். ஆனால் இப்படிப்பட்ட படைப்புகள் பலவற்றின் பக்கத்தில் நிற்கும் பெயர்ப்பலகை 'கம்பளி, கைநெசவு' என்று முடிந்துவிடுகிறது. யாருடைய கை என்று ஒரு வரி சேர்த்தால் பலகை என்ன கனத்துவிடப் போகிறது?

அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கெல்மனின் பிரம்மாண்ட வலைகளும் இந்த வரிசையில்தான் வரும். 1997ல் ஓவியம் வரைய மாமல்லபுரம் வந்தவருக்கு வண்ணங்கள் வந்து சேரவில்லை. கடற்கரையில் மீனவர்கள் குவித்து வைத்த வலையைப் பார்த்து வழி மாறிவிட்டார். அந்த மீனவர்களோடு சேர்ந்துதான் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். இன்று காற்றின் விசையையும் வலையின் எடையையும் மென்பொருளில் கணக்குப் போட்டு, எந்திரத்தில் முடிந்த வலைகளைக் கையால் இணைத்து, நகரத் தெருக்களுக்கு மேலே கட்டித் தொங்கவிடுகிறார். 2011ல் ஜப்பான் நிலநடுக்கத்தால் பூமியின் ஒரு நாள் 1.8 மைக்ரோ வினாடி குறைந்ததாம். அந்த எண்ணே ஒரு வலையின் பெயர்.

என் மரக்கிளையைப் பிரித்துவிட்டேன். கணினியில் ஒரு விசையைத் தட்டினால் முந்தைய நிலைக்குப் போய்விடலாம். துணியில் எஃகு நூலை உருவினால் வரிசையாக ஓட்டை நிற்கும், எத்தனை தடவை துவைத்தாலும் முழுக்க மூடாது. புதுத் துணியில் மறுபடி ஆரம்பித்தேன். நூலை மேலே கிடத்தினேன், இரண்டு முனைகளும் எங்கும் குறுக்கே போகாதபடி முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து இறுக்கினேன். ஐந்தும் எரிகின்றன. மழைநாளில் மட்டும் நான்காவது பூ கொஞ்சம் திக்குகிறது.

போன வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். கேட்பதற்கு முன்பே திருப்பி வைத்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"முடிச்சுல என்ன பளபளப்பு?"

"நெயில் பாலிஷ் அக்கா. அவிழாம இருக்க."

"என்ன கலர்?"

"கலர் இல்லாதது."

"சிவப்பு வச்சிருக்கலாம்ல. நாளைக்கு ரிப்பேர்னா, எங்கெங்க முடிச்சு இருக்குன்னு தேடவேண்டாம்."